கையெழுத்துக்கு மட்டும் எங்களைத் தேடி வராதீர்கள்

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர் அவர்களுக்கும், கல்வி நிலைக்குழு உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணி. கடையில் நல்ல கூட்டம், கல்லில் நான்கு தோசை கிடந்தது. பள்ளியின் அலுவலக உதவியாளர் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு மினிட்ஸ் புத்தகத்தோடு உள்ளே வந்தார். "சேச்சி, ஒரு ஒப்பு போடணும், அவசரம்" என்றார். எஸ்.எம்.சி., அதாவது பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களின் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. எனக்கு முன்னால் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என் பெயருக்கு நேராக இடம் காலி. கையெல்லாம் மாவு. கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, போடுவதற்கு முன்னால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன்.

கேரளத்தில் இருந்தாலும் மலையாளம் எனக்கு மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். ஒன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு கூடியதாம். ஒரு நிறுவனம் பள்ளியை மூன்று ஆண்டுகளுக்குத் தத்தெடுப்பதை வரவேற்றதாம். பழைய கட்டடத்தின் கடைசி அறையை ஸ்மார்ட் அறையாக மாற்றவும், ஒன்று முதல் நான்கு வரையான தமிழ் டிவிஷன்களை, அதாவது தமிழ்வழி வகுப்புகளை, நடு ஹாலில் தட்டி வைத்துப் பிரித்து உட்கார வைக்கவும் ஏகமனதாகத் தீர்மானித்ததாம்.

ஒன்பதாம் தேதி அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை. எனக்கு அழைப்பு வரவில்லை. கையெழுத்துப் போட்ட ஐந்து பேரையும் அன்று மாலையே போய்ப் பார்த்தேன். அவர்களுக்கும் வரவில்லை. இரண்டு பேருக்கு மலையாளம் படிக்கவே தெரியாது. மதிய உணவுக் கணக்கு என்று நினைத்துப் போட்டதாகச் சொன்னார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. உதவியாளர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கொடுத்து அனுப்பியதைக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். தலைமையாசிரியரையும் நான் குறை சொல்ல வரவில்லை. தீர்மானம் நகராட்சியிலிருந்து தயாராகி வந்தது என்று அவரே வருத்தத்தோடு சொன்னார். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் இதில் எழுதவில்லை, படிக்கிற பிள்ளைகள்மேல் அது ஒட்டிக்கொள்ளக் கூடாது. எந்தப் பள்ளி என்று உங்களுக்குத் தெரியும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். அப்புறம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ். இப்போது கணவரோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சிற்றுண்டிக் கடை நடத்துகிறேன். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் தமிழ் டிவிஷன். 2017 ஜனவரி 27 அன்று பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியபோது, கேரளம் முழுக்கப் பள்ளிகளின் முன் ஊர்மக்கள் கூடி நின்று உறுதிமொழி எடுத்தார்கள் அல்லவா? நானும் இந்தப் பள்ளி வாசலில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று சொன்னேன். பொதுப்பள்ளி நம்முடையது, அதைக் காப்பது நம் பொறுப்பு என்று அன்று சொன்னதை நான் அப்படியே நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

நீங்கள் ஸ்மார்ட் அறை ஆக்கப்போகிற அந்தக் கடைசி அறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களில் யாரும் அதற்குள் வந்து உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது அது உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்த அறை. பிள்ளைகள் இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்த பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. 2022 மழைக்காலத்தில் நாங்கள் ஒன்பது அம்மாமார்கள் சேர்ந்து அந்த அறையைக் காலி செய்தோம். சுண்ணாம்பு அடித்தோம். ஒரு பிள்ளையின் அப்பா தச்சர். உடைந்த பெஞ்சுப் பலகைகளையே இழைத்து அலமாரி செய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. காய்கறி மண்டிக்காரர்கள் மின்விசிறி வாங்கித் தந்தார்கள். பழைய மாணவர்கள் பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் தமிழ்ப் புத்தகங்களைப் பேருந்தில் போட்டு அனுப்பினார்கள். நானூறுக்கு மேல் சேர்ந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், நாங்கள் மாஷ் என்று கூப்பிடுவோம், சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். நான் கடையிலிருந்து இட்லி கொண்டு போவேன். குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார்கள் சுண்டல் அவித்துக் கொடுப்பார்கள்.

பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதும் முக்கியம். பாதிக்கு மேல் இந்த நகராட்சியின் துப்புரவுப் பணியாளர்களின் பிள்ளைகள். உங்கள் தெருவையும் என் கடை வாசலையும் விடிவதற்கு முன்னால் கூட்டிவிட்டுப் போகிறவர்கள். மற்றவர்களின் பெற்றோர் செங்கல் சூளைக்கும் தென்னந்தோப்புக்கும் போகிறார்கள். வேலை இல்லாத மாதத்தில் குடும்பத்தோடு அந்தப்பக்கம் ஆனைமலைக்கோ உடுமலைக்கோ போய்விடுவார்கள், பிள்ளையும் கூடப் போய்விடும்.

அப்படி ஒரு பையன் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தான். நாலு மாதம் வாயே திறக்கவில்லை. மாஷ் அவனை அதட்டவும் இல்லை, விடவும் இல்லை. ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் எல்லோரையும் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிவந்தார். நம் ஊர் நிலையத்தில்தான் இரண்டு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமே! தமிழ்நாட்டு வண்டியில் தமிழ், நம் வண்டியில் மலையாளம். பிள்ளைகள் ஒவ்வொரு போர்டாகக் கத்திப் படித்தார்கள். பொள்ளாச்சி. கோயம்புத்தூர். இந்தப்பக்கம் திரிச்சூர், குருவாயூர். அந்தப் பையன் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வண்டி திரும்பி நின்றது. "ஆ... னை... ம... லை" என்றான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனே அலமாரியில் கைவிட்டுப் புத்தகம் எடுத்தான்.

எங்கள் வாசிப்பறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த பிள்ளை அதன் முதல் பக்கத்தில் தேதி போட்டுத் தன் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டும் என்பதற்காகவே கடைசிப் பக்கம் வரை படித்த பிள்ளைகள் உண்டு.

அந்தப் புத்தகங்கள் இப்போது எங்கே இருக்கின்றன தெரியுமா? மதிய உணவு அரிசி வைக்கிற அறையில். போன வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஏழு கோணிகள். வாயைக் கட்டாமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு கோணியின்மேல் முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. கைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்தேன். அட்டை முழுக்கத் தவிட்டுத் தூசி, நடுவில் வண்டு. முதல் பக்கத்தைத் திருப்பினேன். பதினொரு பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது என் மகன் பெயர். "ன்" எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்திருந்தான்.

தீர்மானத்தில் நான் கையெழுத்தே போடாதபோது அறை எப்படிக் காலியானது என்று கேட்டேன். வேலை தொடங்க நிறுவனத்தின் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றார்கள்.

நிறுவனம் பணம் தருவதை நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரட்டும், நிறையத் தரட்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தில் 135ஆம் பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே வந்த பணத்தை எங்கே, எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் நகராட்சிக்கு இல்லை. எங்களிடம் கேட்டிருந்தால் பள்ளிக்கு முதலில் என்ன வேண்டும் என்று சொல்லியிருப்போம். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குப் பிப்ரவரி முதல் மே வரை தண்ணீர் ஏறாது. என் மகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்குப் போகிறாள், சாயங்காலம் வந்து சொம்பு சொம்பாகக் குடிக்கிறாள். இது உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இத்தனை கோடைகள் பொறுப்பீர்களா? தமிழ் டிவிஷனில் ஒரு பணியிடம் நெடுநாளாகத் தினக்கூலி ஆசிரியரை வைத்து ஓடுகிறது. அவர் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார், ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் அவர் வருவாரா என்று தெரியாமல் இருக்கிறோம்.

தொடுதிரைப் பலகையைக் காட்டினார்கள். பெரியது, அழகாகத்தான் இருக்கிறது. அதில் ஏற்றி வந்த பாடங்களைப் போட்டுக் காட்டச் சொன்னேன். எல்லாம் ஆங்கிலம், கொஞ்சம் மலையாளம். தமிழில் ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பிள்ளைகளின் அறையை எடுத்து, தமிழ்ப் புத்தகத்தைக் கோணியில் போட்டு, தமிழே பேசாத பலகையை அங்கே மாட்டுவதை எப்படி முன்னேற்றம் என்று ஏற்பது?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுகளின் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும். எங்கள் குழுவில் துப்புரவுப் பணியாளர் குடும்பத்திலிருந்து ஒருவர்கூட இல்லை, பள்ளியில் அவர்கள் பிள்ளைகள்தான் அதிகம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கிற வேலை இந்தக் குழுவுக்குத்தான் என்கிறது 22ஆம் பிரிவு. அந்தத் திட்டத்தை அடிப்படையாக வைத்தே நிதி ஒதுக்க வேண்டும். இங்கே அது தலைகீழாக நடந்திருக்கிறது. பணம் முதலில் வந்தது, திட்டம் அதற்கேற்ப எழுதப்பட்டது, குழுவின் கையெழுத்து கடைசியில் என் கடைக்கு வந்தது. குழந்தைக்கு இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 29ஆம் பிரிவும், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350அ பிரிவும் சொல்கின்றன.

கேரளத்தில் இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டிய நிலை வந்ததுதான் வேதனை. 1995இல் அரசுப் பள்ளிகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். 1996 ஆகஸ்ட் 17 அன்று மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு வந்தது. ஊர்மக்கள் வார்டு சபையில் உட்கார்ந்து தங்கள் தேவையைத் தாங்களே எழுத வேண்டும் என்பதுதான் அதன் உயிர். என் அப்பா அந்தக் காலத்தில் வார்டு சபைக்குப் போய்விட்டு வந்து, தெருக்குழாய் எங்கே வரவேண்டும் என்று தான் பேசியதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். கூலிக்காரர் அவர். கேட்டார்கள், சொன்னேன் என்ற பெருமை அவருக்கு.

நிறுவனமும் அறக்கட்டளையும் பள்ளியோடு சேர்ந்து வேலை செய்து நல்லது நடந்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. கோழிக்கோடு நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளியை எல்லோருக்கும் தெரியும். சட்டமன்ற உறுப்பினர் முன்னின்று, ஒரு அறக்கட்டளையின் பணத்தோடு அந்தப் பள்ளி எப்படி மாறியது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். மாஷ் ஒரு சனிக்கிழமை எங்களுக்கு இன்னொரு கதை சொன்னார். அமெரிக்காவில் நியூ ஹேவன் என்று ஒரு நகரம். 1968இல் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர், படிப்பில் கடைசி வரிசையில் இருந்த இரண்டு நகரப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார். பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். பெற்றோர், ஆசிரியர், தலைமையாசிரியர், மனநலப் பணியாளர் எல்லோரையும் ஒரே குழுவில் உட்கார வைத்தார். யார் தப்பு என்று பேசக் கூடாது, சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று மட்டும் பேச வேண்டும். வாக்கெடுத்து ஒரு பக்கத்தைத் தோற்கடிக்காமல், எல்லோரும் ஒத்துவரும் வரை பேச வேண்டும். இவ்வளவுதான் விதி. உடனே எதுவும் நடந்துவிடவில்லை, பல ஆண்டுகள் ஆயின. ஆனால் 1980களில் அந்தத் திட்டத்தின் பிள்ளைகள் நகரத்தின் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். சிகாகோ நகரத்தில் 1988இல் சட்டமே போட்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்ந்தெடுத்த குழு, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைமையாசிரியரை நியமிப்பதுகூட அந்தக் குழுவின் கையில்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022இல் தமிழ்நாட்டில் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது பொள்ளாச்சியில் என் தங்கை உறுப்பினரானாள். கூட்டம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், பேசியதை அங்கேயே எழுதி வாசிக்கிறார்கள் என்கிறாள். எல்லாம் சரியாக நடக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் நடக்காத கூட்டத்துக்கு அவள் கையெழுத்தைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் டிவிஷனில் பிள்ளைகள் குறைவு என்பதுதான் ஹாலில் சேர்த்து உட்கார வைப்பதற்குச் சொல்லும் காரணம். ஜூனில் ஆறாவது வேலை நாளன்று எண்ணுகிற தலைக்கணக்கை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிற்கும், போகும். அந்த ஆறு நாளும் எங்களுக்கு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. சூளையிலிருந்து இன்னும் திரும்பாத குடும்பங்களுக்கு நாங்கள் போன் செய்துகொண்டே இருப்போம். ஆட்டோ ஓட்டுகிற தம்பிமார்கள் வாடகை வாங்காமல் காலனிக்கும் பள்ளிக்கும் ஓட்டுவார்கள். மூன்று ஆண்டுகளாக ஒரு டிவிஷன்கூட விழவில்லை. தட்டிக்கு அந்தப்பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு, இந்தப்பக்கம் ஒன்றாம் வகுப்புப் பாட்டு என்று ஒரே ஹாலில் நடந்தால் பெற்றோர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த ஜூனில் கணக்கு குறையும், பிறகு டிவிஷனே வேண்டாம் என்பார்கள். அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

தமிழில் இரண்டு முறை நகராட்சிக்கு எழுதினேன். பதில் இல்லை. சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலும் கன்னடத்திலும் அரசு அலுவலகங்களுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அந்த நல்ல சட்டத்தைப் போட்ட மாநிலத்தில் நான் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது இவை.

ஒன்பதாம் தேதி நடந்ததாக எழுதிய தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலைத் தமிழிலும் மலையாளத்திலும் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவை உண்மையாகவே கூட்டுங்கள், அதற்கு ஒரு வாரம் முன்னால் எழுத்தில் அழைப்புக் கொடுங்கள். கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு வையுங்கள். துப்புரவுப் பணியாளர்களும் சூளைக்குப் போகிறவர்களும் அப்போதுதான் வர முடியும். குழுவில் அவர்களுக்கு உரிய இடங்களை அந்தக் கூட்டத்துக்கு முன்பே நிரப்புங்கள். மினிட்ஸ் இரண்டு மொழியிலும் இருக்கட்டும், கூட்டம் முடிவதற்குள் வாசித்துக் காட்டட்டும்.

நிறுவனத்தின் பிரதிநிதியையும் அழைத்து வாருங்கள். அவர்கள் எங்களோடு தரையில் உட்கார்ந்து பேசட்டும், அவர்களுக்கு எதிராக எங்களிடம் ஒன்றும் இல்லை. கழிப்பறைத் தண்ணீரை முதல் வேலையாக எடுக்கச் சொல்லுங்கள். தொடுதிரைப் பலகையை வேறு அறையில் மாட்டலாம். பின்கட்டில் ஒரு அறை பூட்டியே கிடக்கிறது, சுண்ணாம்பு அடித்துத் தர நாங்கள் தயார். அந்தப் பலகையில் தமிழ்ப் பாடங்களையும் ஏற்றித் தரும் வரை கடைசித் தவணைப் பணத்துக்கான சான்றிதழில் நீங்கள் கையெழுத்திட வேண்டாம். தமிழ் டிவிஷனின் காலிப் பணியிடத்தை நிரப்பக் கல்வித்துறைக்கு நகராட்சி மன்றத்தின் தீர்மானமாகவே எழுதுங்கள். நான்கு டிவிஷன்களும் அவரவர் அறையிலேயே இருக்கட்டும்.

இதற்கெல்லாம் கொஞ்சம் நாள் ஆகும் என்று தெரியும். ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யலாம். கடைசி அறையின் சாவி உங்கள் பொறியியல் பிரிவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு மாஷ் வருவார். அதற்கு முன்னால் நாங்கள் போய்க் கோணிகளைத் தூக்கிவந்து புத்தகங்களை வெயிலில் காயவைத்துத் தட்டி அடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பிலும் மூன்றாம் வகுப்பிலும் படிக்கும் இரு பிள்ளைகளின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்